வெள்ளிக்கிழமைப் புள்ளி

தவநாயகியின் நெல்லுக்குள் செம்மறி ஆடு புகுந்துவிட்டது என்று கண்டுபிடித்தவன் செல்லப்பன். கண்டுபிடித்ததோடு நில்லாமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு தொலைபேசியில் கூப்பிட்டும் சொன்னான்.

"அக்கா, நீங்க குடுத்த புள்ளிய மெஷின்ல ஓட்டிப் பார்த்துட்டேன். அது நெல்லு இல்லக்கா. ஆடு."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீங்கள்?"

"விளையாடல லா. கம்பளி மயிர்ல இருக்கிற புரதம். மெஷின் அடிச்சுச் சொல்லுது. கோல்ட் ரூம்ல அந்த நீல ஸ்வெட்டரப் போட்டுட்டுத்தானே வேலை செஞ்சீங்க?"

தவநாயகி குனிந்து பார்த்தாள். நீல ஸ்வெட்டர் அப்போதும் அவள் மேலேதான் இருந்தது. அன்று பின்னேரத்துக்குள் கதை ஆய்வுகூட மாடி முழுவதும் பரவிவிட்டது. தேநீர் அறைக்குள் அவள் நுழைந்தபோது யாரோ ஒருவன் மெல்லமாக "மே" என்று கத்தினான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள், வேறென்ன செய்வது.

செல்லப்பன் மலேசியாவிலிருந்து படிக்க வந்து லண்டனிலேயே வேலையோடு தங்கிவிட்டவன். புரதங்களைத் துண்டாக்கி, துண்டுகளின் எடையைப் பார்த்து, இன்னது இன்ன உயிரினுடையது என்று சொல்லும் பெரிய இயந்திரம் அந்தக் கல்லூரியில் அவன் பொறுப்பில் இருந்தது. தவநாயகி யாழ்ப்பாணத்துக்காரி, வயது நாற்பதை நெருங்குகிறது, அங்கேயே கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். அது 2006ஆம் ஆண்டு.

அவளுடைய கேள்வி கேட்பதற்கு எளிமையானது. நெல்லுக்கு உப்பு ஆகாது. வயலில் உப்புநீர் ஏறினால் பயிர் சுருளும், நுனி கருகும், பிறகு போய்விடும். ஆனால் கேரளக் கரையோரத்தின் பொக்காளி போன்ற சில வகைகள் உப்புத் தண்ணீரிலேயே நின்று கதிர் தள்ளுகின்றன. எப்படி? உப்புப் பட்டதும் வேருக்குள் சில புரதங்கள் கூடுகின்றன, சில குறைகின்றன, அதுவரை கண்ணில் படாத சில புதிதாக வந்து நிற்கின்றன. பயிரின் தற்காப்பில் பெரும்பகுதி அவற்றின் கையில்தான் இருக்கிறது. அவற்றைப் பிடிக்க ஒரு வழி உண்டு. வேரை அரைத்துப் புரதங்களைப் பிரித்தெடுத்து, கண்ணாடிகளுக்கு நடுவே வார்த்த மெல்லிய ஜெல் ஒன்றுக்குள் மின்சாரத்தால் ஓடவிட்டால், ஒவ்வொரு புரதமும் தன் மின்னேற்றத்துக்கும் எடைக்கும் ஏற்ற இடத்தில் போய் நின்றுவிடும். சாயம் போட்டதும் நூற்றுக்கணக்கான நீலப் புள்ளிகள் தெரியும். உப்பில்லாத பயிரின் ஜெல்லையும் உப்புப் பட்ட பயிரின் ஜெல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் புள்ளி புதிது என்று தேடவேண்டும். கண் பூத்துப்போகும் வேலை.

பொக்காளியின் ஜெல்லில், வலது பக்கத்துக் கீழ் மூலையில், அப்படியொரு புதுப் புள்ளியைத் தவநாயகி கண்டாள். உப்பில்லாத ஜெல்லில் அந்த இடம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மூலைப்புள்ளி என்று அதற்குப் பெயர் வைத்து, வெட்டியெடுத்துச் செல்லப்பனிடம் கொடுத்தாள். அதுதான் ஆடாகத் திரும்பி வந்தது.

ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, நாலு பாகையில் குளிரும் அறைக்குள் பல் கிட்ட மறுபடி செய்தாள். இந்தத் தடவை ஆடும் இல்லை, புள்ளியும் இல்லை. இன்னொரு முறை செய்தாள். இல்லை. அடுத்த முறை அழகாக வந்து நின்றது, ஆனால் செல்லப்பனிடம் கொடுக்கப் போதாத அளவுக்கு மெலிந்து. அதற்கடுத்த முறை மீண்டும் மறைந்துவிட்டது. இப்படியே மாதக்கணக்காகக் கண்ணாமூச்சி.

பேராசிரியை வின்டர்ட்டனுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. தவநாயகியை மேற்பார்வை செய்யும் அந்த அம்மையார் நல்ல மனிதர். ஊதியம், விடுப்பு என்று ஆய்வுகூடத்தில் யாருக்கு என்ன தேவை என்றாலும் முன்னால் நிற்பார். கடவுளை மட்டும் அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. பரிசோதனை சரியாக வரவேண்டுமென்று விரல்களைக் கோத்துக்கொண்ட ஓர் இளம் மாணவியிடம், "இந்தக் கதவுக்குள் நம்பிக்கை இல்லை, அளவீடு மட்டும்தான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவர். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற தவநாயகி அன்றே ஒரு விஷயத்தை வாயைத் திறந்து சொல்வதில்லை என்று முடிவுகட்டிவிட்டாள்.

விஷயம் வேறொன்றுமில்லை, வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு வெள்ளியும் வீட்டுக்குப் பக்கத்தில் குட்மேய்ஸில் ரயிலேறுபவள் நேரே வேலைக்குப் போவதில்லை. மனோர் பார்க்கில் இறங்கி, சேர்ச் வீதியால் நடந்து, முருகன் கோயிலில் அபிஷேகமும் மத்தியானப் பூசையும் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ரயிலேறுவாள். ஆய்வுகூடத்துக்கு வந்துசேர ஒரு மணியாகிவிடும். வரும் வழியில் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தின் கழிவறையில் நெற்றியைக் கழுவிக்கொள்வாள். பிந்திய நேரத்தை மாலையில் கூடுதலாகத் தங்கி ஈடுசெய்துவிடுவாள். பேராசிரியை வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்து எழுதுபவர். ஆகவே யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அவளை முழுக்க அறிந்த செல்லப்பனுக்கு மட்டும் தெரியும்.

அந்த அக்டோபர் தொடக்கத்தில் பேராசிரியை அவளை அறைக்குக் கூப்பிட்டார். நவம்பர் கடைசியில் அவளுக்கு மதிப்பீடு. மூன்று பேர் இருந்து கேள்வி கேட்பார்கள். தேறினால் கலாநிதிப் பட்டத்துக்குத் தொடரலாம். தேறாவிட்டால் சிறிய பட்டம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

"அந்தப் புள்ளியை விட்டுவிடு, தவா," என்றார் பேராசிரியை. "வருகிறது, போகிறது. ஒருவேளை ஆரம்பத்திலிருந்தே அது அழுக்குத்தான். அதை நம்பி நீ மதிப்பீட்டுக்குப் போனால் என்னால் உன்னைக் காப்பாற்ற முடியாது."

"அதை விட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்டாள் தவநாயகி.

பேராசிரியை மேசையில் இருந்த தாள்களை அடுக்கினார். பதில் இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான்.

ரயிலில் வீடு திரும்பும்போது பழையதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. படிப்பு அவள் காலை வாருவது இது முதல் தடவையல்ல. கிளிநொச்சியில் விவசாயம் படிக்கப் போனாள், சண்டை வந்து நடுவில் நின்றது. லண்டனுக்கு வந்து ஒரு கல்லூரியில் சேர்ந்தாள், அகதி வழக்கு முடியவில்லை என்று அங்கேயும் தொடர விடவில்லை. குரோய்டனில் அந்தப் பெரிய குடிவரவு அலுவலகத்தின் முன்னால் எத்தனை காலைகள் வரிசையில் நின்றாள் என்பதை அவள் எண்ணுவதில்லை, எண்ணி என்ன பயன். விசா கிடைத்த பிறகு பகலில் சூப்பர் மார்க்கெட்டில் காசு வாங்கும் டில் வேலை, மாலையில் வகுப்பு என்று ஒற்றைக்காலில் நின்று ஒரு பட்டத்தை முடித்தாள், அதுவும் முதல் வகுப்பில். சொந்தக்காரர் வீட்டுக் கொண்டாட்டங்களில் "நீர் இப்பவும் படிக்கிறீரோ?" என்று கேட்பவர்களுக்கு ஓம் என்று சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப்போயிற்று. இந்தத் தடவையும் நடுவில் நின்றால் இனி ஒருமுறை தொடங்க வயதும் இல்லை, மனமும் இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தீபாவளி முடிந்த கையோடு கந்தசஷ்டி வந்தது. அதற்கு முன்பு ஒரு வருடமும் அவளால் ஆறு நாளும் கோயிலுக்குப் போக முடிந்ததில்லை. அந்த ஆண்டு வாய்ப்பாகப் பேராசிரியை ஜப்பானில் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டார். தவநாயகி துணிந்துவிட்டாள். உப்பில்லாமல் ஒருநேரச் சாப்பாடு, தினமும் காலையில் மனோர் பார்க், பிறகு ஆய்வுகூடம். கண்கள் உள்ளே போய், குரல் கம்மி, ஆனாலும் ஒரு நாள் தவறாமல் வேரை வெட்டித் திரவ நைதரசனில் உறையவைத்தாள். பரிசோதனையைக் கைவிடவில்லை, முருகனையும் கைவிடவில்லை. இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் அந்த வேர்களை அரைத்து ஜெல்லில் ஓடவிட்டாள். சாயத் தட்டை விளக்கின் மேல் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். திங்கட்கிழமை வேரில் மூலைப்புள்ளி இருந்தது. செவ்வாயில் இருந்தது. புதன், வியாழன், வெள்ளி, சனி, எல்லாவற்றிலும் இருந்தது. மங்கலாக இல்லை, மை தொட்டு வைத்ததுபோல.

செல்லப்பனிடம் ஓடினாள். அவனுடைய இயந்திரம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. ஒரு பாகம் ஜெர்மனியிலிருந்து வரவேண்டுமாம்.

"ரெண்டு வாரம் ஆகும் அக்கா. பத்திரமா எடுத்து வைங்க. வந்ததும் முதல் வேலை உங்களுதுதான்."

ஜப்பானிலிருந்து திரும்பிய பேராசிரியை ஜெல்களை நெடுநேரம் பார்த்தார். முகத்தில் ஒரு நம்பிக்கைக் களை தெரிந்தது. "அருமை," என்றார். "மறுபடியும் செய். இந்தத் தடவை நான் பக்கத்தில் இருக்கிறேன்."

தவநாயகி மூன்று நாள் தொடர்ந்து ஒன்பது மணிக்கு வந்து, பேராசிரியையின் கண் முன்னால் வேரை வெட்டினாள். அதே விதை, அதே தட்டு, அதே உப்பு. மூன்று ஜெல்லிலும் மூலை வெறுமையாக இருந்தது.

பேராசிரியை கோபிக்கவில்லை. கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் மெதுவாக, "நான் இல்லாத அந்த வாரம் ஸ்வெட்டர் போட்டிருந்தாயா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி தவநாயகிக்கு நெஞ்சில் குத்தியது. தலையை மட்டும் இல்லையென்று ஆட்டிவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

வீட்டில் அவள் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா புட்டு அவித்துக்கொண்டிருந்தார். அவர் இருபத்தைந்தாம் இலக்க பஸ் ஓட்டுபவர். லண்டன் சனத்தின் ஏச்சையும் பேச்சையும் பகல் முழுவதும் கேட்டுக் கேட்டு, எதையும் பகிடியாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்ட மனிதர். மனைவி நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சும்மா இருந்திருக்கலாம்.

"தவம், நான் ஒண்டு சொன்னாக் கோவிக்கக்கூடாது. விரதத்தில மட்டும் வருகுது எண்டால் அது முருகன்ர புள்ளிதான். நீர் அவருக்காக உப்பில்லாமல் இருந்தனீர். அவர் உம்மட நெல்லுக்கு உப்பைத் தாங்கிற சக்தியைக் குடுத்திட்டார்."

"உங்களுக்குப் பகிடி," என்றாள் தவநாயகி. புட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "நான் இஞ்ச படிப்புப் போகுது எண்டு கிடக்கிறன். முருகனுக்கு வேற வேலை இல்லையே, என்ர ஜெல்லுக்குள்ள வந்து புள்ளி வைக்க? அவர் ஒரு உதவியும் செய்யேல்லை. அவர் செய்தது ஒண்டே ஒண்டுதான், அந்தக் கிழமை முழுக்க என்னைப் பிந்தப் பண்ணினது..."

அதோடு நிறுத்திவிட்டாள். வாய் திறந்தபடியே இருந்தது.

"என்ன?" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா, சற்றுப் பயந்துபோய். "தண்ணி தரட்டோ?"

அவள் காதில் அது விழவில்லை. அவள் மனம் ஆய்வுகூடத்தின் நிலவறையில், விளக்குகளுக்குக் கீழே நின்றது. நெல் வளரும் அந்த அறையில் விடிய ஆறு மணிக்கு விளக்குகள் தாமாக எரியும். அதே நேரத்தில் ஒரு பம்பும் தானாக ஓடத் தொடங்கி உப்புநீரை அன்றைக்கு வெட்டவிருக்கும் பயிர்களின் தட்டுகளுக்குள் விடும். தூரத்திலிருந்து வருபவள் என்பதால் அந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியதே அவள்தான். உப்பைத் தன் கையால் ஊற்றாததால் அது எப்போது ஊற்றப்படுகிறது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அவள் ஒன்பது மணிக்கு வந்தால் பயிர் உப்பில் நின்றது மூன்று மணித்தியாலம். கோயிலுக்குப் போய்விட்டு ஒரு மணிக்கு வந்தால் ஏழு மணித்தியாலம். இரண்டையும் ஒன்றென்று நினைத்து, "காலை மாதிரி" என்று ஒரே பெயரை ஒட்டி வந்திருக்கிறாள். பம்ப் ஒரு நாளும் கோயிலுக்குப் போகவில்லை. ஆறு மணி என்றால் அதற்கு ஆறு மணி.

"இஞ்சருங்கோ," என்றாள் மெல்ல. "அந்தப் புரதத்துக்கு நேரம் வேணும். உப்புப் பட்ட உடனை அது வராது. நான் வெள்ளண ஒம்பது மணிக்கே போய் வெட்டிப்போட்டு, இல்லை இல்லை எண்டு அழுதுகொண்டு இருந்திருக்கிறன்."

ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் மனைவி தள்ளி வைத்த கோப்பையை மறுபடி இழுத்துக்கொண்டு, இரண்டாம் முறையும் புட்டுக் கேட்டுச் சாப்பிட்டது அவருக்குப் போதுமாக இருந்தது.

மறுநாள் காலை பழைய ஜெல்களையெல்லாம் மேசையில் பரப்பினாள். மூலைப்புள்ளி உள்ளவற்றை ஒரு பக்கம் ஒதுக்கி, ஓரத்தில் ஒட்டியிருந்த, வேரை வெட்டிய திகதிகளைப் பார்த்தாள். கம்பளிப் புரதம் மேலே விழுந்து நெல்லை மறைத்துவிட்ட அந்த முதல் ஜெல் உட்பட, சஷ்டிக்கு முந்தியவை அத்தனையும் வெள்ளிக்கிழமை. சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். தவநாயகி ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினாள், சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

ஆனால் அவள் சும்மா மகிழ்ந்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. நேரம் என்றால் எந்த நேரம்? உப்பில் நின்ற நேரமா, அல்லது வெறும் மத்தியானமா? பயிர்களுக்குள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் புரதங்கள் எத்தனையோ உண்டு. இது உப்புக்கு வராமல் மத்தியானத்துக்கு வரும் புரதமாக இருந்தால் அவள் கதை கந்தல். ஆகவே உப்புப் பட்ட பயிரையும் படாத பயிரையும் வைத்து, விடியலிலிருந்து மாலைவரை மணிக்கு மணி வேரை வெட்டினாள். பொக்காளிக்குப் பக்கத்தில் உப்பைத் தாங்காத ஒரு நெல்லையும் நிறுத்தினாள். அதோடும் விடாமல், பம்ப்பின் நேரத்தை மாற்றி, மத்தியானம் உப்புவிட்டு மாலையில் வெட்டினாள். குளிர் அறைக்குள் பருத்திச் சட்டைக்கு மேல் பருத்திச் சட்டையாக மூன்று போட்டுக்கொண்டாள். கம்பளியைக் கிட்டவும் சேர்க்கவில்லை.

ஜெல்கள் ஒவ்வொன்றாக வந்தன. உப்பில் மூன்று மணித்தியாலம் நின்ற வேரில் மூலை வெறுமை. ஐந்தில் ஒரு மங்கல். ஏழில் புள்ளி முழுதாக வந்துவிட்டது. உப்புப் படாத பயிரில் எந்த நேரத்திலும் இல்லை, மத்தியானத்திலும் இல்லை. உப்பைத் தாங்காத நெல்லில் கடைசிவரை இல்லை. மத்தியானம் உப்பு வாங்கிய பொக்காளி மாலையில் அதே புள்ளியைக் கொண்டுவந்து வைத்தது. ஆக, வெளிச்சமும் இல்லை, முருகனும் இல்லை. உப்பு, நேரம், பொக்காளி, இந்த மூன்றும் சேர்ந்தால் புள்ளி.

அந்த வாரம் செல்லப்பனின் இயந்திரமும் உயிர் பெற்றது. இந்தத் தடவை அவன் தொலைபேசியில் கூப்பிடவில்லை. படியேறி வந்து அவள் முன்னால் நின்றான்.

"ஆடு இல்லையே?" என்று கேட்டாள் தவநாயகி.

"ஆடு இல்லக்கா. நெல்லு. சுத்தமான நெல்லு." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "அது மட்டும் இல்ல. போன வருஷம்தானே நெல்லோட மரபணுவ முழுசா வாசிச்சு வெளியிட்டாங்க, அதுல இத 'ஊகம்'னு போட்டிருக்காங்க. இப்படி ஒரு புரதம் இருக்கலாம், யாரும் பார்த்ததில்லன்னு அர்த்தம். நீங்க பார்த்துட்டீங்க."

தவநாயகி கதிரையில் இருந்துவிட்டாள். கண் கலங்கியது. அவள் மறைக்கவும் இல்லை.

"ஒரே ஒரு விஷயம்தான்," என்றான் செல்லப்பன் குரலைத் தாழ்த்தி. "முந்தி ஏன் வந்து வந்து போச்சுன்னு கண்டிப்பா கேப்பாங்க. சில நாள் ஏன் லேட்டா வெட்டினீங்கன்னு கேப்பாங்க. ரயில் லேட்டுன்னு சொல்லிடுங்க. லண்டன்ல அத யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

நல்ல யோசனைதான். குட்மேய்ஸ் ரயிலைப் பற்றி எந்தப் பழியைச் சொன்னாலும் அந்த ஊர் நம்பும். தவநாயகி இரண்டு நாள் அந்தப் பொய்யை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகினாள். நன்றாகவே வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் பிந்தி, மற்ற நாட்களில் ஒழுங்காக ஓடுகிற ரயில் ஒன்றை எந்த ஊரில் காட்டுவது?

மதிப்பீடு ஒரு செவ்வாய்க்கிழமை. நீண்ட மேசையின் அந்தப் பக்கம் பேராசிரியை வின்டர்ட்டன், இன்னொரு விரிவுரையாளர், நடுவில் டாக்டர் பெல்லமி. பெல்லமி பட்டாணிச் செடியோடு ஆயுளைக் கழித்தவர். மற்றவர்களுடைய முடிவுகளை நம்புவதில்லை என்று பெயரெடுத்தவர், தன்னுடையதையே மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் நம்புவார் என்பார்கள். தவநாயகி ஜெல் படங்களை வரிசையாக வைத்துச் சொல்லி முடித்தாள். பெல்லமி மூலைப்புள்ளி வளர்ந்து வரும் வரிசையைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"நேர்த்தியாக இருக்கிறது," என்றார். அந்த வார்த்தை அவர் வாயில் குற்றச்சாட்டுப்போல் ஒலித்தது. "ஆனால் உங்களுடைய பழைய முடிவுகளில் இது வருகிறது, போகிறது. சில நாட்கள் மூன்று மணித்தியாலத்தில் வெட்டியிருக்கிறீர்கள், சில நாட்கள் ஏழில். அது திட்டமா?"

"இல்லை. தவறு."

"எப்படி நேர்ந்தது?"

ரயில் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. தவநாயகி பேராசிரியையைப் பார்த்தாள். அளவீடு மட்டும்தான் என்று சொன்ன அந்த முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அளவீடு என்றால் முழு அளவீட்டையும் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் திடீரென்று பட்டது. எந்தப் பயிர் எவ்வளவு நேரம் நின்றது என்று கணக்குச் சொல்பவள், தான் எங்கே நின்றாள் என்பதை மட்டும் ஏன் மறைக்கவேண்டும்?

"நான் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவேன்," என்றாள். "மனோர் பார்க்கில் முருகன் கோயில். அதனால் அன்றைக்கு ஒரு மணிக்குத்தான் வருவேன். அக்டோபரில் எங்களுக்கு ஒரு விரதம். அந்த வாரம் தினமும் போனேன். பம்ப் மட்டும் எப்போதும் ஆறு மணிக்கே ஓடியது. நேரத்தைக் குறிக்காமல் எல்லாவற்றையும் காலை மாதிரி என்று எழுதியது என் பிழை. கோயிலுக்குப் போனது பிழை என்று நான் நினைக்கவில்லை."

பேராசிரியை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தவநாயகிக்குக் காது இரண்டும் சுட்டது. கிளிநொச்சியும் குரோய்டனும் ஒரு கணம் சேர்ந்து வந்து முன்னால் நின்றன.

பெல்லமி பேனாவை மூடினார்.

"மற்ற நாட்களில் எல்லோரையும் போல ஒன்பது மணிக்கு வந்தீர்கள்," என்றார்.

"ஆம்."

"அப்படியானால் நீங்கள் ஒழுங்கான பெண்ணாக வெள்ளியும் ஒன்பது மணிக்கு வந்திருந்தால், உங்கள் முடிவுகள் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தியிருக்கும். ஒன்றிலும் புள்ளி இருந்திருக்காது. இந்தப் புரதம் இருக்கிறது என்றே நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். நானும் இங்கே உட்கார்ந்து, நல்ல ஒழுங்கான வேலை என்று உங்களைப் பாராட்டி அனுப்பியிருப்பேன்." தலையை ஆட்டினார். "நான் முப்பது வருடமாகப் பட்டாணியைக் காலை பத்து மணிக்கே வெட்டிவருகிறேன். இனி இரவில் எனக்குத் தூக்கம் வராது."

முதலில் சிரித்தது பேராசிரியை வின்டர்ட்டன்தான். சத்தமாக, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு மற்ற இருவரும் சிரித்தார்கள். தவநாயகிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, இரண்டும் சரியாக வராமல் போயிற்று. அவளை வெளியே இருக்கச் சொல்லவேயில்லை. இருந்த இடத்திலேயே, கலாநிதிப் பட்டத்துக்குத் தொடரலாம் என்று சொல்லி ஒவ்வொருவராக எழுந்து கைகொடுத்தார்கள். பெல்லமி அவள் கையைப் பிடித்தபடி, தான் உப்புக்குள் ஒரு பட்டாணியை வைத்துப் பார்க்க வேண்டும், ஒரு நாள் வந்து பம்ப்பைக் காட்டுவாளா என்று கேட்டார்.

ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குப் போன் செய்தபோது அவர் ஸ்ட்ராட்ஃபோர்ட்டில் ஷிப்ட் மாறிக்கொண்டிருந்தார்.

"பாஸ்," என்றாள்.

"ஐயோ, எனக்குத் தெரியும், எனக்கு அப்பவே தெரியும்," என்று அவர் சொன்னது தொலைபேசி இல்லாமலே கேட்டிருக்கும். பிறகு குரலைத் தாழ்த்தி, "கோயிலைப் பற்றிக் கேட்டவையோ?" என்றார்.

"கேட்டவை. சொன்னனான்."

"சொன்னனீரோ! நல்லது. நல்ல காரியம் செய்தனீர்," என்றார் அந்த மனிதர், முதல் தடவையாகப் பகிடி ஒன்றும் சேர்க்காமல்.

ஆய்வு முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் பிடித்தன. மூலைப்புள்ளிக்கு ஒரு முறையான பெயர் கிடைத்தது, உப்பு வந்த சேதியை வேரின் உள்ளறைகளுக்குக் கொண்டுபோகும் வேலை அதனுடையது என்று தவநாயகி காட்டினாள். 2008இல் சிவப்பு அங்கியும் தொப்பியுமாக அவள் மேடையேறியபோது ஸ்ரீஸ்கந்தராஜா எடுத்த படங்களில் பாதியில் அவருடைய விரல் விழுந்திருந்தது. அதற்குப் பிறகும் அதே ஆய்வுகூடத்தில் சம்பளத்தோடு அவளுக்கு வேலை இருந்தது. கொண்டாட்டங்களில் இப்பவும் படிக்கிறீரோ என்று கேட்க ஆளில்லை.

பேராசிரியை வின்டர்ட்டன் கோயிலுக்கு இன்னும் ஒரு நாளும் போனதில்லை. கடவுளை அவருக்கு இன்றைக்கும் கண்ணில் காட்டக்கூடாது. ஆனால் அவருடைய ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேருபவர்கள் எல்லோருக்கும் ஒரு விதி உண்டு: வாரத்தில் ஒரு நாளாவது வழக்கமான நேரத்தை விட்டுவிட்டு வேறொரு நேரத்தில் பயிரை வெட்டவேண்டும். அந்த விதிக்கு அவர் பெயர் எதுவும் வைக்கவில்லை, பெயர் தானாக வந்துவிட்டது. வேல்ஸிலிருந்து வந்த சிவப்புத் தலைமுடிப் பெண் ஒருத்தி, முருகன் யாரென்றே அறியாதவள், பக்கத்து மேசைக்காரனிடம், "உனக்கு எது கோயில் நாள்?" என்று கேட்கிறாள். "புதன்," என்கிறான் அவன். "எனக்குத் திங்கள். தவா, உங்களுக்கு?"

"எனக்கு எப்பவும் வெள்ளி," என்கிறாள் டாக்டர் தவநாயகி, வேரை வெட்டியபடி.